மாசம் 9,100 ரூபாய் பிடிக்கிறார்கள். நான் யார் மேல் கோபப்படுவது?

சம்பளச்சீட்டு (கோவை) கேட்டது:

வணக்கம். இதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டாலும் சரி, புலம்பல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

எனக்கு வயது 43. அரசூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. ஆண்டுச் சம்பளம் 15,75,000. சொந்த ஊரில் சொன்னால் அடேயப்பா என்பார்கள். 2025 நவம்பர் மாதச் சம்பளச் சீட்டை எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மொத்தம் 1,31,250. பிஎஃப் 6,300. வருமான வரி 9,100. கைக்கு வருவது 1,15,850.

இந்த 9,100-ஐப் பார்த்து நான் பழைய காலத்தில் கோபப்பட்டதில்லை. கோபம் வந்தது இந்த வருடம்தான், அதுவும் வரி குறைந்த வருடத்தில். வேடிக்கைதான். போன வருடம் இதே சம்பளத்துக்கு 1,45,600 கட்டினேன், இந்த வருடம் 1,09,200. ஆபீசில் எல்லாரும் இனிப்பு கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பக்கத்துப் போர்ஷனில் ஒரு தம்பதி. இரண்டு பேரும் சரவணம்பட்டியில் ஐடி வேலை, ஆளுக்கு 12 லட்சத்து 60 ஆயிரம். வீட்டுக்கு வருவது 25 லட்சத்துக்கு மேல். அவர்களுக்கு வரி பூஜ்யம். எனக்கு ஒரு லட்சத்து ஒன்பதாயிரம். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல பிள்ளைகள். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க அந்தப் பையன்தான் ஓடி வருவான். அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. என் மனைவி லேப் டெக்னீஷியனாக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு சம்பளம் நின்றுபோனது. நின்றுபோன சம்பளத்துக்குத் தண்டனை மாதிரி நான் வரி கட்டுகிறேன் என்று தோன்றுகிறது. இது சரியா?

அடுத்தது வீட்டுக்காரர். இந்தக் கட்டடத்தில் ஆறு போர்ஷன், ஒவ்வொன்றும் 14,000. அது போக மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை, பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு. நான்கு வருடத்துக்கு முன் வாடகைக்கான வரிச்சலுகைக்காக அவருடைய பான் எண்ணைக் கேட்டேன். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்தால் அது வேண்டும். வாசற்படியில் நின்றுகொண்டு அவர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது: "அதெல்லாம் எதுக்குங்க தம்பி... மாசம் ஐநூறு கொறச்சுக் குடுங்க, போதும்." நானும் குறைத்துக் கொடுத்தேன். அதாவது என் வாயையும் ஐநூறு ரூபாய்க்கு மூடியாயிற்று.

இதற்கு மேல் ஜிஎஸ்டி. மகள் பதினொன்றாவது. நீட் கோச்சிங் 1,20,000, அதற்கு 18 சதவீதம், 21,600. ரசீதில் தனி வரியில் அழகாக அச்சடித்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பள்ளிக்கூடம் சொல்லித்தராததைச் சொல்லித்தரும் இடத்துக்கு உண்டு.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நண்பர்கள் பேசுவது எப்போதும் ஒன்றுதான். "நம்ம வரிப்பணத்துலதான் ஆயிரம் ரூபாயும் ஓசி பஸ்ஸும்." நேற்று வீட்டுக்கு வந்ததும், பாத்திரம் விளக்க வரும் அக்காவிடம் என்னையறியாமல் சிடுசிடுத்துவிட்டேன். அவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறது. அந்தச் சிடுசிடுப்புக்கு அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உண்மையில் யார் யாரைச் சுமக்கிறோம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனியன்கம்பெனி (திருப்பூர்):

அண்ணா, சம்பளக்காரங்க எல்லாரும் வந்து நிற்கும் இடம் இதுதான்: "வியாபாரி ஏய்க்கிறான், நாங்க மட்டும் யோக்கியன்." உங்கள் வீட்டுக்காரருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் கதையையும் கேளுங்கள்.

ஒன்பது மிஷின் வைத்து ஜாப் ஒர்க் பண்ணுகிறேன். பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். பார்ட்டி பணம் கொடுப்பது மூன்று மாதம் கழித்து, சமயத்தில் நான்கு. இன்னும் என் கைக்கே வராத பணத்துக்கு நான் கடன் வாங்கி வரி கட்டுகிறேன். உங்களுக்கு 30-ஆம் தேதி சம்பளம், பிஎஃப், கம்பெனி பஸ். எனக்கு ஒரு மாதம் ஆர்டர் இல்லையென்றால் வட்டி மட்டும் ஓடும்.

அப்புறம், அந்த ஐநூறு ரூபாயை வாங்கிக்கொண்டது நீங்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

சம்பளச்சீட்டு:

வைத்தாயிற்று தம்பி. அதனால்தான் மறைக்காமல் எழுதினேன்.

ஆடிட்டர்ஆபீஸ்_பையன் (ஈரோடு):

சார், பதினொரு வருடமாக ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். "பையன்" என்பது பழைய பேர், இப்போது தலை நரைத்துவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், சில இடத்தில் உங்களுக்குப் பிடிக்காது.

முதலில் உங்கள் கணக்கு. 75,000 நிலையான கழிவு போனால் 15 லட்சம். 4 லட்சத்திலிருந்து 8 லட்சம் வரை 20,000, 8-லிருந்து 12 லட்சம் வரை 40,000, மிச்சம் 3 லட்சத்துக்கு 45,000. கூட்டினால் 1,05,000, அதன் மேல் 4 சதவீத செஸ், அதாவது வரியின் மேல் போடும் தனி வரி, 4,200. கம்பெனி சரியாகத்தான் பிடிக்கிறது. கழிவுகளைக் காட்டி வரியைக் குறைக்கும் பழைய வரி முறைக்குப் போனால் தேவலையா என்று கேட்பீர்கள். வாடகை, 80சி பிரிவின் சேமிப்புக் கழிவு, அம்மா அப்பாவுக்கான இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் முழுசாக வைத்துப் போட்டுப் பார்த்தேன். உங்கள் அடிப்படைச் சம்பளம் 52,500 என்று பிஎஃப்பை வைத்தே தெரிகிறது. வரி 1,77,840 வருகிறது. பேசாமல் புதிய முறையிலேயே இருங்கள். 80சியின் ஒன்றரை லட்சம் உச்சவரம்பு 2014-இல் வைத்தது, இன்னும் அங்கேயே நிற்கிறது. அந்த முறையைத் தானாகச் சாக விடுகிறார்கள்.

இப்போது வீட்டுக்காரர். இங்கேதான் ஒரு தமாஷ் இருக்கிறது. ஆறு போர்ஷன், 14,000, பன்னிரண்டு மாதம்: 10,08,000. வாடகை வருமானத்துக்குச் செலவுக் கழிவு என்று 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துக்கொடுக்கிறது. மிச்சம் 7,05,600. வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் இந்த வருடத்திலிருந்து தள்ளுபடி போக வரியே இல்லை. அதாவது வாடகை மட்டும்தான் வருமானம் என்றால், அந்த மனிதர் ஒரு ரூபாய் விடாமல் காட்டினாலும் கட்ட வேண்டியது பூஜ்யம். ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லாததைப் பழக்க தோஷத்தில் ஒளிக்கிறார்.

கடை வருமானம் சேர்ந்தால் கதை வேறு. சிறு வியாபாரிகளுக்கு 44ஏடி என்று ஒரு பிரிவு. விற்றுமுதலில் 8 சதவீதம், பேங்க் வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். உண்மை லாபம் 6-க்கு மேல் இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும் என்பது சட்டம். எங்கள் மேசைக்கு வரும் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு லாபம் வருடா வருடம் மிகச் சரியாக 6 சதவீதம்தான் வரும். கடவுள் கிருபை.

தென்னந்தோப்புக்கு வரி கிடையாது, விவசாய வருமானம். ஆனால் மற்ற வருமானம் இருந்தால், விகிதம் எது என்று பார்க்க அதையும் சேர்த்துப் போடுவோம். முழுசாகத் தப்பிப்பதில்லை.

பங்குச் சந்தைக்காரன் 12.5 சதவீதம்தான் கட்டுகிறான் என்று அடுத்து யாராவது இங்கே எழுதுவார்கள், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் அளவில் அது பொய். 15 லட்சம் முழுக்க நீண்டகாலப் பங்கு லாபமாக வந்தால் வரி 1,26,750, உங்களைவிட அதிகம். அந்த லாபத்துக்கு 12 லட்சத் தள்ளுபடியும் கிடையாது. கதை மாறுவது மேலே போகும்போது. ஒரு கோடி சம்பளக்காரருக்கு சர்சார்ஜும் (பெரிய வருமானத்துக்கு வரியின் மேல் போடும் கூடுதல் வரி) செஸ்ஸும் சேர்க்காமல் இருபத்தைந்தரை லட்சம் வரி. ஒரு கோடி பங்கு லாபக்காரருக்கு அதே கணக்கில் பன்னிரண்டு லட்சத்துக்குள். உழைத்தவருக்கு, பங்கு லாபக்காரர் வரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நீங்கள் சண்டை போட வேண்டிய இடம் அங்கே இருக்கிறது, நீங்கள் நிற்பது ஏணியின் கீழ்ப்படியில்.

பக்கத்துப் போர்ஷன் விஷயத்தில் உங்கள் ஆதங்கம் நூற்றுக்கு நூறு சரி. நம் சட்டம் குடும்பத்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது. கணவன் மனைவி சேர்ந்து ஒரே கணக்காகத் தாக்கல் செய்யலாம் என்று 2025 பட்ஜெட்டுக்கு முன் பட்டயக் கணக்காளர்கள் கழகமே பரிந்துரைத்தது. அப்படியே கிடக்கிறது. மனைவி பேருக்குப் பணத்தை மாற்றி டெபாசிட் போடலாமா என்று கேட்காதீர்கள், அந்த வட்டி திரும்ப உங்கள் தலையில்தான் சேரும். அவரே உழைத்துச் சம்பாதித்தால் மட்டும்தான் அவர் கணக்கு.

மாலதி_க (சிங்காநல்லூர்):

நான் அந்தப் பாத்திரம் விளக்கும் அக்காவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். என் அம்மா அந்த வேலை செய்துதான் என்னைப் படிக்க வைத்தார். இப்போது நானும் சம்பளச் சீட்டு வாங்குகிறேன், எனக்கும் பிடித்தம் உண்டு.

அண்ணா, உங்கள் வருமான வரி டெல்லிக்குப் போகிறது. உரிமைத் தொகை சென்னையிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன ஓடுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். உங்கள் 1,09,200-இல் 4,200 செஸ். அதில் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது. மிச்சம் 1,05,000-இல் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும், 43,050. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். பெருக்கினால் 1,756 ரூபாய். வசூல் செலவெல்லாம் கழித்தால் இன்னும் குறையும். வருடத்துக்கு, ஆமாம், வருடத்துக்கு. அதை முழுசாக அந்த அக்காவிடமே கொடுத்தாலும் இரண்டு மாத உரிமைத் தொகை தேறாது. உங்கள் பணத்தில் அவர் வாழவில்லை.

சரி, அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி மாநிலத்தின் சொந்த வருமானம். ஜிஎஸ்டியில் மாநிலப் பாதி, பெட்ரோல் வரி, டாஸ்மாக், பத்திரப்பதிவு. இதில் அந்த அக்கா இல்லாத இடம் எது? போன செப்டம்பர் 21 வரைக்கும் குளிக்கிற சோப்புக்கும், பேஸ்ட்டுக்கும், இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டுக்கும் 18 சதவீதம். 22-ஆம் தேதியிலிருந்துதான் 5. செல்போன் ரீசார்ஜுக்கு இன்றைக்கும் 18. உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு சதவீதம் கட்டுகிறாரோ அதே சதவீதம் அவரும். வீட்டுக்காரர் வருமானத்தில் பாதியைச் சேமிப்பார், சேமித்த பணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஐந்து வீடு செய்து பன்னிரண்டாயிரமோ பதிமூன்றாயிரமோ வாங்குகிறவர் வாங்குவதை எல்லாம் செலவு செய்கிறார். அவர் வீட்டு ஆண் குடிக்கிறவராக இருந்தால் டாஸ்மாக் வழியாக ஒரு தனி வரி வேறு, அதை என் அப்பா கட்டினார்.

இன்னொன்று. நடுத்தரம் என்ற வார்த்தையை நாம் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்கிறோம். 2022-இல் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு வெளியிட்ட அறிக்கையில், மாதம் 25,000 ரூபாய் சம்பளம் வாங்கினாலே நாட்டின் சம்பளக்காரர்களில் மேல் பத்து சதவீதத்தில் இருக்கிறோம் என்று இருந்தது. அதைப் படித்த அன்றைக்கு நான் என் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அப்புறம் இஎம்ஐ ஞாபகம் வந்து வெட்கம் போய்விட்டது.

சம்பளச்சீட்டு:

1,756. இதை இரண்டு தரம் கால்குலேட்டரில் போட்டேன். நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பார்க்கிறேன், நம்ப மாட்டார்கள்.

ஆனால் ஒன்று, மாலதி. மேல் பத்து சதவீதம் என்று சொல்வது காகிதத்தில் சரி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த மேல் பத்து எங்கேயும் தெரிவதில்லை. அம்மா விழுந்த அன்றைக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்து நாள். இன்சூரன்ஸ் கொடுத்தது போக கையிலிருந்து மூன்று லட்சத்து நாற்பது ஆயிரம். அரசுக் காப்பீட்டுக்கு வருமானம் அதிகம், தனியார் பில்லுக்கு வருமானம் போதாது. அந்த இடைவெளியில் நிற்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? இன்சூரன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் பிரீமியம் 54,000, ஜிஎஸ்டி 9,720. இந்த செப்டம்பரில் அந்த ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அக்டோபரில் புதுப்பிக்கப் போனால் பிரீமியம் 61,500. வரி போன இடத்தில் கம்பெனி வந்து உட்கார்ந்துகொண்டது.

பனியன்கம்பெனி:

இது உண்மை. எங்களுக்கும் அப்படித்தான் ஏற்றினார்கள்.

பழைய_பேரேடு (மயிலாப்பூர், ஓய்வு):

வங்கியில் 36 வருடம். வயது 76. எல்லாரும் பக்கத்து வீட்டையும் கீழ்வீட்டையும் பார்த்தே பேசுகிறீர்கள், கொஞ்சம் மாடியையும் பாருங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த சமயம், 1973-74-இல், உச்ச வரி சர்சார்ஜோடு சேர்த்து 97.75 சதவீதம். அந்த உச்சப் படியில் வரும் நூறு ரூபாயில் இரண்டே கால் ரூபாய்தான் சம்பாதித்தவனுக்கு. அப்படி யாரும் கட்டவில்லை என்பது வேறு விஷயம். வேலைக்காரர், சமையல்காரர், டிரைவர் பேரிலெல்லாம் கணக்கு திறப்பார்கள். நானே பாஸ்புக் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே பழைய காலத்தில் தர்மம் தழைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். சிதம்பரம் 1997 பட்ஜெட்டில் உச்ச விகிதத்தை 30-க்குக் கொண்டுவந்தபோது எங்கள் கிளையில் கைதட்டினோம்.

ஆனால் அன்றைக்கு இரண்டு கதவு இருந்தது, இரண்டையும் சாத்திவிட்டார்கள். ஒன்று செல்வ வரி. மாநகராட்சிக்குக் கட்டும் சொத்து வரி இல்லை, இது வேறு. டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1957-இல் கொண்டுவந்தது. 2015-இல் நிதியமைச்சர் ஜேட்லி எடுத்துவிட்டார். அவர் சொன்ன காரணத்திலும் நியாயம் உண்டு: 2013-14-இல் வசூல் 1,008 கோடிதான், வசூலிக்கிற செலவும் தொல்லையும் அதிகம். அதற்குப் பதில் ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீத சர்சார்ஜ். வருமானத்தைக் காட்டுகிறவனுக்குத்தானே சர்சார்ஜ்? சொத்தை வைத்துக்கொண்டு வருமானம் காட்டாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு?

இன்னொரு கதவு எஸ்டேட் டியூட்டி. ஒருவர் இறந்தால் அவர் விட்டுப்போகும் சொத்துக்கு வரி. 1953-இல் வந்தது, 1985-இல் வி.பி.சிங் நிதியமைச்சராக இருந்தபோது எடுத்தார்கள். அன்றைக்கு அதற்கும் கைதட்டினோம். உங்கள் வீட்டுக்காரரின் அந்த ஆறு போர்ஷன் கட்டடம் நாளைக்கு அவர் பிள்ளைக்குப் போகும்போது, காகிதச் செலவைத் தவிர அரசாங்கத்துக்கு ஒரு ரூபாய் போகாது. உங்கள் மகள் டாக்டராகி முதல் மாதச் சம்பளத்திலேயே பிடித்தம் ஆரம்பிக்கும். ஒருத்தி இருபத்தைந்து வருடம் படித்துச் சம்பாதித்தது, ஒருவன் பிறந்து சம்பாதித்தது.

கம்பெனிகளுக்கு 2019 செப்டம்பரில் வரியை 30-லிருந்து 22-ஆகக் குறைத்தார்கள், சலுகை எதுவும் கேட்காமல் இருந்தால். புதுத் தொழிற்சாலைக்கு 15. அதனால் 1.45 லட்சம் கோடி வருமானம் குறையும் என்று அரசே சொன்னது. வேலை வாய்ப்பு பெருகும் என்றார்கள். பெருகியதா என்று பொருளாதாரம் படித்தவர்கள் அடித்துக்கொள்ளட்டும், எனக்குத் தெரிந்த பேரேட்டுக் கணக்கு இது: 2023-24-இல் தனிநபர்கள் கட்டிய வருமான வரி சுமார் 10.4 லட்சம் கோடி, கம்பெனிகள் கட்டியது சுமார் 9.1 லட்சம் கோடி. டாடா, அம்பானி, அதானி எல்லாருடைய கம்பெனிகளையும் ஒரு தட்டில் வைத்து, சம்பளச் சீட்டுக்காரர்களையும் கடைக்காரர்களையும் இன்னொரு தட்டில் வைத்தால் நம் தட்டு கீழே இறங்குகிறது. அதே சமயம் 2022-23-இல் நாட்டின் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தாரிடம் இருந்தது என்று உலக சமத்துவமின்மை ஆய்வகத்தார் 2024-இல் கணக்குச் சொன்னார்கள்.

தம்பி, ஐநூறு ரூபாய்க்கு வாயை மூடியது தப்புதான். ஆனால் அந்த அக்காவிடம் சிடுசிடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. போய்ச் சமாதானமாகப் பேசுங்கள்.

ஆடிட்டர்ஆபீஸ்_பையன்:

பெரியவர் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். பிள்ளை அந்தக் கட்டடத்தை விற்றால் அப்போது மூலதன ஆதாய வரி வரும், அப்பா வாங்கிய விலையிலிருந்து கணக்கு. விற்காத வரைக்கும் ஒன்றுமில்லை. விற்கவும் மாட்டார்கள்.

சம்பளச்சீட்டு சார், உங்கள் மனைவி லேப் டெக்னீஷியன் என்றீர்கள். காலையில் மூன்று மணி நேரம் வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுத்துக் கொடுக்கும் வேலை கோவையில் நிறைய இருக்கிறது. மாதம் இருபதாயிரம் வந்தால்கூட அவர் கணக்கில் வரி பூஜ்யம். இதே இருபதாயிரம் உங்கள் சம்பளத்தில் ஏறினால் வருடத்துக்கு 2,40,000, அதில் முதல் ஒரு லட்சத்துக்கு 15, மிச்சத்துக்கு 20 சதவீதம், செஸ்ஸோடு 44,720 போய்விடும். யோசித்துப் பாருங்கள்.

சம்பளச்சீட்டு:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை அந்த அக்கா வந்தார். அன்றைக்குப் பேசியதற்கு மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். "என்னைக்குங்க தம்பி?" என்று கேட்டுவிட்டு, சின்க்கில் குழாய் ஒழுகுகிறது, ஆளை வரச்சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரத்த மாதிரி எடுக்கும் வேலையைப் பற்றி மனைவியிடம் சொன்னேன். 44,720 கணக்கையும் பேப்பரில் போட்டுக் காட்டினேன். அவர் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டுவிட்டு, ஸ்பூனை வைக்காமலே கேட்டார்: "காலைல மூணு மணி நேரம் இங்க யாருங்க?" ஒரு ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன். பகல் நேரத்துக்கு மட்டும் மாதம் பதினெட்டாயிரம் கேட்கிறார்கள்.